இரண்டு திறப்பு, ஒரு கொப்பி: கில்ட் வங்கியை நடத்தும் முறை

இணைய விளையாட்டுகளில் ஒன்றுசேர்ந்து ஆடும் குழுவைக் கில்ட் என்பார்கள்; அதன் உறுப்பினர்கள் பொருள்களைப் பொதுவாக வைக்கும் பெட்டியே கில்ட் வங்கி. நான் முதன்முதலில் சேர்ந்திருந்த கில்ட், நாற்பது மருந்துக் குப்பிகளுக்கு எவராலும் கணக்குச் சொல்ல முடியாமற்போன ஒரு சனிக்கிழமை இரவில் கலைந்தது. ரெயிட் (பலர் ஒன்றுசேர்ந்து பெரிய எதிரிகளோடு மோதும் ஆட்டம்) தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் வங்கியைத் திறந்து பார்த்தால், குப்பிகள் இருக்கவேண்டிய அறை வெறுமையாகக் கிடந்தது. ஒருவர் மற்றவரைக் குறைசொல்ல, பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் வெளியே வந்து, விடியுமுன் பாதிப்பேர் விலகிவிட்டார்கள். முந்திய கிழமை நடந்த பயிற்சிக்காக மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப் பாவித்திருந்தார்கள் என்பதும், அப்படி எடுப்பதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. எடுத்ததை எழுதிவைக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கொக்குவில், கோண்டாவில், சாவகச்சேரி ஆகிய இடங்களிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து விளையாடும் இருபத்துமூன்று பேருடைய கில்ட் ஒன்றின் வங்கியை நான் பார்த்துக்கொள்கிறேன். உறவினர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் கலந்திருக்கும் இத்தகைய கில்ட்டில், 'எல்லாரும் எங்கட ஆக்கள்தானே' என்ற எண்ணத்தால் விதி வகுப்பதற்கே கூச்சம் வரும். ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொருளாளர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது அதை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. வாசிக்காமல் விட்டால்தான் சனம் கதைக்கத் தொடங்கும். கில்ட் வங்கியும் அதே வகையைச் சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டு தொடங்கினால் கூச்சம் போய்விடும்.

சீட்டு வேறு, இது வேறு

வங்கி என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணமாகிறது. உண்மையான வங்கியில் இட்ட பணம் இட்டவருக்கே உரியது. எங்கள் பக்கத்தில் நன்கு பழக்கமான சீட்டிலும், மாதாமாதம் கட்டியவர் தமது முறை வரும்போது முழுத்தொகையையும் எடுத்துக்கொள்கிறார். ஆகவே புதிதாகச் சேரும் ஒருவர், 'நான் இருநூறு மூலிகை போட்டிருக்கிறேன், எனக்கு அவ்வளவுக்கு எடுக்க உரிமை உண்டு' என்று நினைத்தால் அவரிடம் பிழை இல்லை. நாங்கள் அவருக்கு வேறுவிதமாகச் சொல்லவில்லை. கில்ட் வங்கி உண்மையில் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்த அரிசியைப் போன்றது. அரிசியைக் கொடுத்தவரும் பந்தியில் இருக்கலாம், கொடாதவரும் இருக்கலாம், ஆனால் எவரும் தாம் கொடுத்த மூட்டையைத் தேடி உள்ளே போவதில்லை.

இதை வாயால் சொன்னால் போதாது, எழுதவேண்டும். எங்கள் கில்ட்டில் பாவிக்கும் அறிவித்தல் பின்வருமாறு அமைந்துள்ளது, வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். 'இங்கே இடப்படும் பொருளும் தங்கமும் கில்ட்டுக்குக் கொடுத்த அன்பளிப்பாகும். விலகிச் செல்பவர் அவற்றைத் திருப்பிக் கேட்க முடியாது. இரவலாக வைக்கும் பொருள், வைக்கும்போதே இரவல் என்று கொப்பியில் குறிக்கப்பட்டிருந்தால் மாத்திரம் உரியவரிடம் திரும்பும். ரெயிட்டுக்கென்று எடுத்தவை பாவிக்கப்படாவிட்டால் இரண்டு நாளுக்குள் திரும்ப வைக்கப்படவேண்டும். வங்கியில் எடுத்த பொருளை ஏலச்சந்தையில் விற்பது விலக்கப்படுவதற்குரிய குற்றம்.' வோர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டில் ஒவ்வொரு வங்கி அறைக்கும் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு பக்கம் உண்டு. பலர் அதை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். அறிவித்தலை அங்கே ஒட்டினால், பொருள் எடுக்க வருபவருக்கு அது கையருகிலேயே இருக்கும்.

அறிவித்தலை எழுதும்போதே எவற்றை ஏற்பதில்லை என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். கண்டதையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பவர்களால் வங்கி இரண்டே மாதத்தில் குப்பைக்கிடங்காகிவிடும். ஒரு பொருள் அடுத்த ரெயிட்டில் பாவிக்கப்படுமா, உறுப்பினர் ஒருவர் அதைக் கொண்டு எதையாவது செய்வாரா, சந்தையில் விலைபோகுமா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஓம்' என்று பதில் வராவிட்டால், அந்தப் பொருளைக் விளையாட்டே இயக்கும் கடைக்காரப் பாத்திரத்திடம் விற்றுத் தங்கத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் விளையாட்டின் பெட்டியை அறிந்துகொள்ளுதல்

எல்லா விளையாட்டுகளிலும் பெட்டி ஒரே மாதிரி அமைவதில்லை. விதிகளை அந்தப் பெட்டியின் அமைப்புக்கு ஏற்பவே வகுக்கவேண்டும். வோர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டில் கில்ட் வங்கி 2007 நவம்பரில், 2.3 பதிப்புடன் அறிமுகமானது. ஒவ்வோர் அறையிலும் 98 இடங்கள் உள்ளன. அறிமுகமான காலத்தில் முதலாவது அறைக்கு 100 தங்கமும் ஆறாவது அறைக்கு 5000 தங்கமும் கட்டவேண்டியிருந்தன. அதற்கு முந்திய காலத்து விளையாட்டை மீட்டுத்தரும் நோக்கில் 2019 இல் வெளியான கிளாசிக் வடிவத்தில் கில்ட் வங்கியே கிடையாது. அங்கே ஒருவர் தமது துணைப்பாத்திரம் ஒன்றை 'வங்கிப் பாத்திரமாக' ஒதுக்கி, அஞ்சல் மூலம் பொருள்களைப் பெற்றுக் கொடுக்கவேண்டும். அப்படி நடத்தும்போது பெட்டி முழுவதும் ஒரே மனிதரின் கையில் இருப்பதால், கொப்பி மற்ற விளையாட்டுகளைவிடப் பன்மடங்கு அவசியமாகிறது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைனில் பத்துப் பேர் சேர்ந்தபின்னரே வங்கி திறக்கும். திறந்ததும் 500 இடங்கள் ஒரேயடியாகக் கிடைக்கும். கில்ட் வோர்ஸ் 2 இல் முதலில் 50 இடங்களும், கில்ட் வளர வளர மேலும் 100 இடங்கள் கொண்ட இரண்டு அறைகளும் சேர்கின்றன. ஃபைனல் ஃபான்டசி 14 இல் ஒவ்வொரு தரத்தினருக்கும் (தரம் என்பது கில்ட்டுக்குள் ஒருவர் வகிக்கும் படிநிலை), அறைவாரியாக, அனுமதி இல்லை, பார்க்க மட்டும், வைக்க மட்டும், முழு அனுமதி என்ற நான்கில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். ஈவ் ஒன்லைனில் கில்ட்டை நிறுவனம் என்பார்கள்; அங்கே நிறுவனக் களஞ்சியம் ஏழு பிரிவுகளையும் பணப்பை ஏழு பிரிவுகளையும் கொண்டது. பார்ப்பதற்கான உரிமையையும் எடுப்பதற்கான உரிமையையும் தனித்தனியே வழங்கலாம்.

அறைகளைக் காசு கொடுத்து வாங்கவேண்டிய விளையாட்டு எனின், குறைவாகவே வாங்குங்கள். இடம் போதாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் இடநெருக்கடி வரும்போதுதான் தேவையற்றதை விற்பதற்கு மனம் வரும்.

அறைகளும் உரிமைகளும்

இனிவரும் பகுதியை வோர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டை மனத்திற்கொண்டு எழுதுகிறேன். மற்றவற்றுக்கு எங்கே மாறுபடும் என்பதை இடையிடையே சொல்கிறேன். அறைகளைப் பொருளின் வகைப்படி பிரிப்பதே பெரும்பாலோர் வழக்கம்: மூலிகைக்கு ஓர் அறை, உலோகத்துக்கு ஓர் அறை, ஆயுதத்துக்கு ஓர் அறை. பார்வைக்கு அழகாக இருந்தாலும் இது சரியான முறை அன்று. உரிமை அறைவாரியாகவே வழங்கப்படுவதால், அறைகளையும் யார் எடுக்கலாம் என்பதை வைத்தே பிரிக்கவேண்டும். விலைமதிப்பற்ற மூலிகையும் வழியெங்கும் முளைக்கும் மூலிகையும் ஒரே அறையில் கிடந்தால், இரண்டுக்கும் ஒரே உரிமையைத்தான் கொடுக்க முடியும்.

எங்கள் முதலாம் அறை வாசல் திண்ணை போன்றது. நேற்றுச் சேர்ந்தவர்கூட அதிலிருந்து எடுக்கலாம். புதியவருக்குத் தேவையான பைகள், சிறு குப்பிகள், தொழில் பழகுவதற்கான மூலப்பொருள்கள் ஆகியவை அங்கே கிடக்கும், அவை போனால் போகட்டும். இரண்டாம் அறை ரெயிட்டுக்கு உரியது: குப்பிகள், உணவு, ஆயுதங்களுக்குப் பூசும் எண்ணெய் முதலியவை. நான்கு ரெயிட்டுகளில் பங்குபற்றியவரே அங்கு எடுக்கலாம். மூன்றாம் அறையில் அந்தக் குப்பிகளையும் உணவையும் ஆக்குவதற்கான மூலப்பொருள்கள் இருக்கும். ஆக்கித்தருவதாகப் பொறுப்பேற்றிருக்கும் நான்கு பேருக்கு மாத்திரம் அங்கே கை வைக்க உரிமை உண்டு. நான்காம் அறையில் அரும்பொருள்கள் உள்ளன, அதற்கு இரண்டே திறப்புகள், அதாவது அங்கே எடுக்கும் உரிமை இருவருக்கே உண்டு.

எடுக்கும் உரிமை இப்படிக் குறுகிச் சென்றாலும், பார்க்கும் உரிமையை எல்லா அறைகளுக்கும் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். அரும்பொருளைக் கண்டால் கேட்டுத் தொல்லை தருவார்கள் என்று மறைத்துவைக்கும் தலைவர்கள் உண்டு. கேட்பவருக்கு 'இல்லை' என்று ஒருமுறை சொல்வது, மறைத்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று இருபது பேர் மாதக்கணக்காகக் கற்பனை செய்வதைவிட இலகுவானது.

நாளொன்றுக்கு ஒருவர் எத்தனை முறை எடுக்கலாம் என்ற வரம்பை இடும்போது கவனிக்கவேண்டிய ஒரு பொறி உள்ளது. அந்த எண்ணிக்கை பொருள்களின் எண்ணிக்கை அன்று, அடுக்குகளின் எண்ணிக்கை. வரம்பு ஐந்து என்று வைத்தால் ஐந்து குப்பிதான் போகும் என்று நினைப்பீர்கள். குப்பிகள் இருபது இருபதாக அடுக்கப்பட்டிருந்தால் நூறு போய்விடும். மூலப்பொருள்களின் அடுக்கு இன்னும் பெரிதாக இருக்கக்கூடும். எனவே ரெயிட் அறையில் பொருள்களைச் சிறு அடுக்குகளாகப் பிரித்து வைப்பது, இடத்தை வீணாக்குவதுபோலத் தோன்றினாலும், பயனுள்ள பழக்கமாகும்.

வரம்பை எவ்வளவாக வைப்பது என்பதற்கு நான் பின்பற்றும் அளவுகோல் இது: ஒருவருடைய விளையாட்டுக் கணக்கு வேறொருவர் கையில் சிக்கி, ஒரு நாளில் எடுக்கக்கூடிய அனைத்தையும் எடுத்துவிட்டாலும், அந்த இழப்பைக் கில்ட் ஒரே கிழமையில் மீண்டும் சேர்த்துவிடக் கூடியதாக இருக்கவேண்டும். உங்கள் கில்ட்டுக்குக் கிழமைக்கு அறுபது அடுக்கு மூலிகை வந்துசேர்கிறது எனின், ஒருவருக்குப் பத்து என்பது தாராளம், நாற்பது என்பது மடமை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைனில் இத்தகைய நாள்வரம்பு இல்லை; எடுக்கும் உரிமை பெற்றவர் முழுவதையும் எடுத்துவிடலாம். ஆகவே அங்கே எடுக்கும் உரிமையை மூன்று பேருக்குமேல் கொடாமல், மற்றவர்கள் கேட்டுப் பெறும் முறையை அமைப்பதே பாதுகாப்பு. எந்த விளையாட்டாயினும் கில்ட் தலைவரின் கையைக் கட்டிப்போடும் வரம்பு எதுவும் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். தலைவர்தான் முதலில் கொப்பியில் எழுதிப் பழகவேண்டியவர்.

கொப்பி

விளையாட்டே பதிவேடு வைத்திருக்கிறதே, பிறகு எதற்குக் கொப்பி என்று கேட்பார்கள். வோர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டின் பதிவேடு ஓர் அறைக்குக் கடைசி 25 நடவடிக்கைகளை மாத்திரமே காட்டும். ரெயிட்டுக்கு வரும் இருபது பேரும் ஆளுக்கு இரண்டு முறை எடுத்தால் நாற்பது நடவடிக்கைகள். முதல் பதினைந்தும் ரெயிட் தொடங்குமுன்னரே அழிந்துபோயிருக்கும். தவிரவும், யார் எடுத்தார் என்பதைச் சொல்லும் பதிவேடு எதற்காக எடுத்தார் என்பதைச் சொல்வதில்லை. முன்னர் சொன்ன நாற்பது குப்பிகளின் கதையில் இல்லாமற்போனது அந்த 'எதற்காக' என்ற ஒரு சொல்தான்.

கொப்பி என்று நான் சொல்வது கூகுள் ஷீட்ஸ் போன்ற இணைய அட்டவணையை. அதில் திகதி, உறுப்பினர், பொருள், அளவு, இட்டதா எடுத்ததா, எதற்காக, பதிந்தவர் என்ற ஏழு நிரல்கள் போதும். உறுப்பினர் என்ற நிரலில் எப்போதும் ஒரே பெயரை எழுதுங்கள். ஒருவரே ஐந்து பாத்திரங்களை ஆடுவார், பதிவேட்டில் ஐந்து பெயரிலும் தோன்றுவார். எல்லாப் பாத்திரப் பெயர்களையும் அவற்றுக்குரிய முதன்மைப் பெயரையும் இன்னொரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் தேடும் வேலை இருக்காது. திகதியையும் நேரத்தையும் யாழ்ப்பாண நேரத்திலேயே பதியுங்கள். இது ஊர்ப்பற்றினால் சொல்வது அன்று: ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஆண்டுக்கு இருமுறை மணிக்கூட்டை மாற்றுகிறார்கள், இலங்கையில் மாற்றுவதில்லை. ரொறன்ரோவில் காலை பத்து மணி என்பது கோடையில் எங்களுக்கு இரவு ஏழரை, மாரியில் எட்டரை. மாறாத நேரம் ஒன்றை அடிப்படையாக வைத்தால், எவர் எடுத்தபின் எவர் எடுத்தார் என்ற வாதம் எழாது.

அட்டவணையைப் பார்க்கும் அனுமதி எல்லாருக்கும், திருத்தும் அனுமதி மூவருக்கும் இருக்கட்டும். மற்றவர்கள் டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் இதற்கென்று ஒதுக்கிய அறையில் ஒருவரி எழுதினால், மூவரில் ஒருவர் அதை அட்டவணையில் ஏற்றுவார். எழுதுவது கடினமாக இருந்தால் எவரும் எழுதமாட்டார்கள் என்பதால் அந்த ஒருவரியை இயன்றவரை சுருக்கமாக்குங்கள்: 'இரண்டாம் அறை, குப்பி 10, சனி ரெயிட்' என்பதே போதுமானது. பிழையாக எழுதியதை அழிக்கவேண்டாம். ஐந்துக்குப் பதிலாகப் பதினைந்து என்று எழுதிவிட்டால், கீழே இன்னொரு வரியில் பத்தைத் திரும்ப இட்டதாகக் காட்டி, 'திருத்தம்' என்று குறியுங்கள். அழித்தெழுதிய கணக்கு, உண்மையாகவே இருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்குப் பொய்க்கணக்குப் போலவே படும்.

ரெயிட் நாளில் இருபது பேரை வங்கியடிக்கு அனுப்புவதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. பொறுப்பாளர் ஒருவர் அன்றைக்குத் தேவையான குப்பிகளையும் உணவையும் மொத்தமாக எடுத்து, தொடக்கத்தில் எல்லாருக்கும் பங்கிட்டு, மீதியை முடிவில் திரும்ப வைக்கட்டும். பதிவேட்டில் நாற்பது வரிகளுக்குப் பதிலாக நாலைந்து வரிகளே விழும், கொப்பியிலும் இரண்டு வரிகளோடு வேலை முடியும். எங்கள் கில்ட்டில் கணக்கு ஒழுங்குக்கு வந்தது இந்த ஒரு மாற்றத்துக்குப் பின்னரே. எடுப்பதற்கு முன்னரும் வைத்ததன் பின்னரும் அறையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து டிஸ்கோர்ட்டில் போடுவது அவரது கடமை.

ஞாயிறு காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி இருப்பை எண்ணுங்கள். எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினால் மூன்றாம் கிழமையே கைவிட்டுவிடுவீர்கள். அதிகம் புழங்கும் பத்துப் பதினைந்து பொருள்களை மாத்திரம் எண்ணினால் போதும். கொப்பி சொல்வதும் பெட்டியில் இருப்பதும் பொருந்தாவிட்டால், 'வித்தியாசம்' என்று ஒரு வரி எழுதி உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். ஓரிரண்டு குறைந்தால் விட்டுவிடலாம். ஓர் அடுக்குக்குமேல் குறைந்தால் கேட்கவேண்டும். வங்கியை அட்டவணையாக ஏற்றித்தரும் துணை மென்பொருள்கள் உண்டு, விரும்பினால் பாவியுங்கள். இருப்பை அவை சொல்லும், காரணத்தை அவையும் சொல்லப்போவதில்லை.

கேட்கும் முறையும் ஒரு வேலைதான். பொதுவெளியில் கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும், தனியே கேட்கவேண்டும். பதிவேட்டில் கண்டதைச் சொல்லவேண்டும், ஊகித்ததைச் சொல்லக்கூடாது. எங்களில் இளையவர் ஒருவருக்கு நான் எழுதியது இது: 'தம்பி, வெள்ளி இரவு இரண்டாம் அறையில் பத்துக் குப்பி எடுத்திருக்கிறீர் போல, கொப்பியில் காணவில்லை. எதற்கு என்று ஒருக்கால் எழுதிவிடும்.' பத்து நிமிடத்தில், 'ஓம் அண்ணா, மறந்துபோனன், லண்டன் ஆக்களோட பழகப் போனது, இப்ப எழுதிறன்' என்று பதில் வந்தது. என்னிலும் மூத்த ஒருவரிடம் கேட்கவேண்டி வந்தபோது, 'அண்ணை, கணக்குப் பார்க்கிற இடத்தில் ஒன்று இடிக்குது, உங்களுக்கு ஏதும் ஞாபகம் இருக்கோ?' என்று கேட்டேன். மூத்தவரைக் கேட்காமல் விடுவதுதான் எங்கள் பக்கத்துக் கில்ட்டுகளின் பொதுவான பலவீனம். கேட்டால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

தங்கம்

பொருள்களைவிடத் தங்கம் எளிது, ஏனெனில் அது ஒரே எண். ரெயிட்டில் விழுந்து எவருக்கும் தேவைப்படாத பொருள்களை விற்றதும், தேங்கிய மூலப்பொருள்களை விற்றதுமே முதன்மை வருமானமாக இருக்கட்டும். மாதச் சந்தா வைக்கும் கில்ட்டுகள் உண்டு. வேலைக்குப் போய்வந்து இரண்டு மணித்தியாலம் விளையாடுபவரிடம் சந்தா கேட்பதை நான் விரும்புவதில்லை. விற்கும்போது ஏலச்சந்தை விற்பனைத் தொகையில் 5 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும் என்பதால், 1000 தங்கத்துக்கு விற்றால் 950 தான் கைக்கு வரும். கொப்பியில் 950 என்றே பதியவேண்டும். செலவில் பெரியது கவசம் திருத்தும் செலவு. அதை வங்கியிலிருந்து கொடுக்க விளையாட்டிலேயே வசதி உண்டு, தரவாரியாக நாள்வரம்பும் இடலாம். ரெயிட் உறுப்பினருக்கு ஓர் இரவின் திருத்தச் செலவுக்கு அளவாக வைத்தால் போதும். நான்கு கிழமைச் செலவுக்குக் குறையாத தொகையை எப்போதும் கையிருப்பாக வைத்திருங்கள், புதிய பதிப்பு வெளியாகும் மாதத்தில் எல்லாப் பொருளும் யானைவிலை விற்கும். தங்கத்தைக் கடனாகக் கொடாதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமாயின் உங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுங்கள்.

எங்களவர்களுக்கென்றே உரிய ஓர் ஆபத்தையும் இங்கே சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் காசு அனுப்பிப் பழகிய சமூகம் எங்களுடையது. ரெயிட்டுக்குத் தங்கம் போதாது என்று கேள்விப்பட்டதும், 'நான் டொலர் குடுத்து வாங்கிப் போடுறன், நீங்கள் யோசிக்காதேங்கோ' என்று ரொறன்ரோவிலிருந்து ஓர் அண்ணா நல்லெண்ணத்தோடு முன்வருவார். வெளியார் இணையத்தளங்களில் தங்கம் வாங்குவது விளையாட்டின் நிபந்தனைகளுக்கு மாறானது. வாங்கியவரின் கணக்கு முடக்கப்படலாம், அவர் கொண்டுவந்த தங்கமும் பறிக்கப்படலாம். வோர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டில் அவர் உதவியே தீருவேன் என்று நின்றால், 2015 முதல் விளையாட்டை நடத்தும் நிறுவனமே விற்றுவரும் டோக்கனை வாங்கி விளையாட்டுக்குள் தங்கத்துக்கு விற்கச் சொல்லுங்கள். அது அனுமதிக்கப்பட்ட வழி.

இரண்டாவது திறப்பு

2022 இன் மின்வெட்டுக் காலத்தில், ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. அப்போது வங்கியின் திறப்பு என்னிடம் மட்டுமே இருந்தது. லண்டனில் பன்னிரண்டு பேர் ரெயிட்டுக்குத் தயாராக நின்றும், குப்பி எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் அன்றைய ஆட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் இரண்டாவது திறப்பு ஒன்றை ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ஒருவரிடம் கொடுத்தோம். இரண்டு திறப்பும் ஒரே வீட்டில், ஒரே ஊரில் இருந்தால் பயன் குறைவு. மின்சாரம் போனால் இருவருக்கும் சேர்ந்தே போகும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும், உயர்தரப் பரீட்சைக் காலமும் ஊரில் உள்ளவர்கள் பாதிப்பேர் வராத காலங்கள் என்பதை முன்கூட்டியே கருதி, அந்நாள்களில் வெளியில் உள்ளவரிடம் பொறுப்பை முழுமையாக விட்டுவிடுங்கள்.

இரண்டாவது திறப்பு என்பது இரண்டாவது மனிதருக்கு உரிய தரத்தைக் கொடுப்பது. கடவுச்சொல்லைப் பகிர்வது அதற்கு மாற்றாகாது. கணக்குப் பகிர்வு நிறுவனங்களின் நிபந்தனைகளுக்கு மாறானது. அத்தோடு இருவர் ஒரே பெயரில் எடுத்தால் பதிவேடு எவரையும் காட்டிக்கொடுக்காது, எவரையும் காப்பாற்றவும் மாட்டாது. திறப்பு வைத்திருக்கும் இருவரும், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் பாவிப்பது கட்டாயம். நெட் கஃபேயிலிருந்தோ நண்பரின் கணனியிலிருந்தோ விளையாடுபவருக்கு நான்காம் அறையின் திறப்பு வேண்டாம்.

பெட்டி வெறுமையானால்

கில்ட் களவுகளுக்குப் பேர்போனது ஈவ் ஒன்லைன். 2005 இல் கைடிங் ஹான்ட் சோஷல் கிளப் என்ற குழுவினர் மற்றொரு நிறுவனத்துக்குள் ஏறத்தாழ ஓராண்டு உறுப்பினராக இருந்து, நம்பிக்கை பெற்று, பின்னர் ஒரே நேரத்தில் அதன் களஞ்சியங்களை வாரிச்சென்றார்கள்; பறிபோனவற்றின் பெறுமதி 16,500 அமெரிக்க டொலர் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. 2009 இல் அதே விளையாட்டில் வீரர்கள் நடத்திய ஈபாங்க் என்ற வங்கியின் தலைவரே ஏறக்குறைய இருபதினாயிரம் கோடி ஐஎஸ்கே நாணயத்தை எடுத்து, உண்மையான பணத்துக்கு விற்றார். அவரை விளையாட்டை நடத்தும் நிறுவனம் தடைசெய்தது, ஆனால் தடை வைப்பாளரின் பணத்தை எடுத்ததற்காக அன்று, உண்மைப் பணத்துக்கு விற்றதற்காக. விளையாட்டுக்குள் நடந்த நம்பிக்கைத் துரோகத்தை அந்த விளையாட்டு குற்றமாகக் கருதுவதில்லை. மற்ற விளையாட்டுகளிலும், நீங்கள் கொடுத்த உரிமையைப் பாவித்து ஒருவர் எடுத்ததை நிறுவனம் மீட்டுத்தரும் என்று எதிர்பார்க்கவேண்டாம். கணக்கு ஊடுருவப்பட்டிருந்தால் மாத்திரம் உதவி கேட்பதில் பொருளுண்டு.

ஆகவே வெறுமையான அறையைக் கண்டதும் முதலில் திறப்பாளர் இருவர் தவிர்ந்த எல்லாத் தரத்தினரின் எடுக்கும் உரிமையையும் பூச்சியமாக்குங்கள். அதன்பின், 25 வரிகளும் நகர்ந்துபோவதற்கு முன், ஒவ்வோர் அறையின் பதிவேட்டையும் தங்கப் பதிவேட்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரை விளையாட்டுக்கு வெளியே, தொலைபேசியிலோ வட்ஸ்அப்பிலோ தொடர்புகொண்டு, 'உம்மட கணக்கு உம்மட கையில்தானோ?' என்று கேளுங்கள். எனக்கு நேர்ந்த இரண்டு சம்பவங்களில் ஒன்றில், அந்தத் தம்பி அப்போது பரீட்சை மண்டபத்தில் இருந்தான்; கணக்கு வேறெவரோ கையில் இருந்தது. அவன்மீது பழி சுமத்தி விலக்கியிருந்தால் ஒரு நல்ல ஆட்டக்காரனையும் ஓர் உறவினர் குடும்பத்தையும் இழந்திருப்போம். உண்மையாகவே எடுத்தவர் எனின், விலக்கிவிட்டு, என்ன போனது, எப்படிப் போனது, எந்த உரிமை தளர்வாக இருந்தது என்பதை ஒரே அறிவித்தலில் எல்லாருக்கும் எழுதி, அத்தோடு கதையை நிறுத்துங்கள்.

பொறுப்பை ஒப்படைத்தல்

எவரும் ஆண்டுக்கணக்காக இதைச் செய்துகொண்டிருக்க முடியாது. ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. மாறும் நாளில் பழையவரும் புதியவரும் ஒன்றாக வங்கியடியில் நின்று, ஒவ்வோர் அறையாகத் திறந்து, முக்கியப் பொருள்களை எண்ணி, தங்கத்தின் தொகையையும் சேர்த்துக் கொப்பியில் 'ஒப்படைத்த இருப்பு' என்று ஒரு வரி எழுதவேண்டும். இரவலாக வந்த பொருள்கள் இருந்தால் உரியவரின் பெயரோடு அவற்றைத் தனியே காட்டவேண்டும். கில்ட்டையே கலைப்பதாயின் கலைக்கும் பொத்தானை அழுத்துமுன் பெட்டியை வெறுமையாக்கிப் பங்கிட்டுவிடுங்கள். உள்ளே விட்டவை திரும்பி வருமென்று நம்பியிருக்கக்கூடாது. எல்லாம் எண்ணி முடிந்ததும் புதியவரின் தரத்தை உயர்த்தி, அவர் நான்காம் அறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தபின்னர், பழையவர் தமது தரத்தைக் குறைக்கும்படி தாமே தலைவரிடம் கேட்கவேண்டும்.